கம்ப்யூட்டருக்குப் புழு மருந்து கொடுத்த கமிட்டி

கெரபின், நியூ சவுத் வேல்ஸ்
திங்கட்கிழமை, ஆகஸ்ட் 25

'கெரபின் கெஜட்' ஆசிரியர் ஜனெல் ப்ரௌஸ் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும், ஒரு காலத்தில் என்னுடையதாக இருந்த அந்த ஜன்னலோர நாற்காலியும் நலமென நம்புகிறேன். இங்கே குளிர் தணிந்து வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்துவிட்டன. நான் நலம். என் முழங்கால்களில் ஒன்றும் நலம்.

நிற்க. கடந்த வியாழக்கிழமை இதழில், ஏழாம் பக்கத்தில், ஆட்டு ரோமச் சந்தை நிலவரத்துக்குக் கீழே, "கண்காட்சிச் சங்கத்தின் கம்ப்யூட்டர் கமிட்டியின் ஒருமித்த முடிவால் வெற்றிகரமாகப் புதுப்பிக்கப்பட்டது, எந்தப் பதிவும் பாதிக்கப்படவில்லை" என்று ஒரு செய்தி வந்திருக்கிறது. பதினொரு சொற்கள். மூன்று பிழைகள். உங்கள் இதழில் முப்பத்துநான்கு ஆண்டுகள் நிருபராக இருந்து, ஓய்வுபெற்றபின் பதினொரு ஆண்டுகளாக கெரபின் விவசாயக் கண்காட்சிச் சங்கத்தின் கௌரவச் செயலாளராக இருக்கும் நான், நடந்ததை நடந்த வரிசையில் எழுதித் தருவது கடமை என்று நினைக்கிறேன். இதை முழுவதுமாக, ஒரு சொல்லும் குறைக்காமல் வெளியிடும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

சங்கத்தின் கம்ப்யூட்டர் எங்கள் மண்டபத்துச் சமையலறையை அடுத்த சின்ன அறையில் இருக்கிறது. பொத்தானை அமுக்கியதிலிருந்து அது விழித்துக்கொள்ளப் பதினொரு நிமிடம் நாற்பது வினாடி ஆகும். கைக்கடிகாரத்தை வைத்து மூன்று முறை பார்த்திருக்கிறேன். அதற்குள்ளே சங்கத்தின் கூட்டக் குறிப்புகள் அத்தனையும் இருந்தன. ஆறு வருடத்துக்கு முன், இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து, பழைய குறிப்பேடுகளை வெர்னா வென்கே வாசிக்க வாசிக்க நான் தட்டச்சு செய்தேன். தட்டி முடித்த வாரமே, "இனி காகிதம் வேண்டாம்" என்று தலைவர் லைல் டக்வெல் முன்மொழிய, கால்நடைப் பிரிவு மிக் டன்ஃபி வழிமொழிய, அந்தக் குறிப்பேடுகள் குப்பைக்கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தன. ஆகவே எங்கள் சங்கத்தில் யார் என்றைக்குச் சேர்ந்தார், எத்தனை வருடம் உழைத்தார் என்பதற்கெல்லாம் அந்தப் பெட்டி ஒன்றுதான் சாட்சி.

அந்தச் சாட்சி இந்த வருடம் ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சங்க விதி பதினான்கின்படி, இருபத்தைந்து ஆண்டுகள் இடைவிடாது உழைத்ததாகப் பதிவானவர் ஆயுள் உறுப்பினர். அவர் பெயர் மண்டபத்து மரப்பலகையில் தங்க எழுத்தில் ஏறும். பலகையில் இப்போது முப்பத்தெட்டுப் பெயர்கள். அத்தனையும் ஆண்கள். அடியில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் மீதி. இன்னொரு பலகை மாட்டலாம் என்றால் சுவரின் மறுபாதி முழுக்கப் பரிசு வென்ற செம்மறிக் கிடாக்களின் படங்கள். அவற்றைக் கழற்றும் துணிச்சல் இந்த ஊரில் யாருக்கும் கிடையாது. இந்த ஆகஸ்டோடு இருபத்தைந்து வருடம் முடிப்பவர் ஒருவர்தான். அது வெர்னா. ஒவ்வொரு கமிட்டிக் கூட்டத்துக்கும் சாண்ட்விச் வெட்டி, ஸ்கோன் என்னும் குட்டி ரொட்டிகளைச் சுட்டு, தேநீர் ஊற்றியவர். சமையல் பொறுப்பாளருக்குக் கமிட்டியில் நாற்காலி உண்டு, ஓட்டு கிடையாது. நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவது: 'கம்ப்யூட்டரின் மந்தம்'. கமிட்டியில் ஏழு பேர். லைல், மிக், நான். மற்ற நால்வரில் இருவர் எப்போதும் லைல் பக்கம், இருவர் எப்போதும் கணப்படுப்புப் பக்கம். பெயர் சொல்லத் தேவையில்லை. மிக் தன் வாழ்நாளில் நாற்பதாயிரம் ஆடுகளுக்காவது குடற்புழு மருந்து ஊற்றியிருப்பான். அவன் கம்ப்யூட்டரைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்து, இதற்கு வயிற்றில் புழு என்றான். சும்மா சொல்லவில்லை, அவனுடைய மைத்துனன் வீட்டுக் கம்ப்யூட்டரும் இப்படித்தான் படுத்துக் கிடந்ததாம், உள்ளே இருந்ததையெல்லாம் கழுவித் தள்ளியதும் கன்றுக்குட்டி மாதிரி ஓடுகிறதாம். பூசணிக்காய்களை நிறுக்கக் கொண்டுபோகும் தள்ளுவண்டியில் ஏற்றி அதைக் கூட்டத்துக்கு நடுவே கொண்டுவந்தோம். எதை எதையோ அமுக்கி, கடைசியில் ஒரு திரை வந்தது. அது எங்களிடம் ஒரே கேள்விதான் கேட்டது: கோப்புகளை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் நீக்கவா?

வேறு ஊராக இருந்தால் யாரோ ஒருவர் யோசித்து ஒரு பொத்தானை அமுக்கியிருப்பார். நாங்கள் கெரபின் கண்காட்சிச் சங்கம். லைல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, திரையில் இருந்ததை அப்படியே தீர்மானமாக்கி அவையின் முன் வைத்தார். எல்லாவற்றையும் நீக்குவது என்று மிக் முன்மொழிந்தான். புழு மருந்து கொடுக்கிறவன் பாதிப் புழுவை உள்ளே விட்டுவைப்பானா என்பது அவன் வாதம். எல்லாவற்றையும் நீக்கலாம், ஆனால் 2011-ஆம் ஆண்டுக் கிடாவின் படத்தை மட்டும் விட்டுவைக்கலாம் என்று அடுப்புப் பக்கத்திலிருந்து ஒரு திருத்தம் வந்தது. இயந்திரம் அப்படி ஒரு வசதி தரவில்லை, ஆகவே திருத்தம் செல்லாது என்று லைல் தீர்ப்புச் சொன்னார். நாற்பது நிமிடம் பேசினோம். இதற்குள் திரை இரண்டு முறை தூங்கிப்போனது. அடுப்புப் பக்கத்து ஒருவரும்தான்.

வெர்னா தேநீர்க் கெட்டிலை மேஜையில் வைத்தார். அவர் கூட்டத்தில் வாய் திறந்து நான் கேட்டது அன்றுதான் முதல் முறை.

"லைல், அதுக்குள்ள என் இருபத்தஞ்சு வருஷம் இருக்கு. ஒரு நகல் எடுத்து வச்சுட்டு அப்புறம் என்ன வேணா பண்ணுங்க."

"நகல் இருக்கு வெர்னா. கிளைவ் எடுத்து வச்சிருக்கார். என்ன கிளைவ்?"

இருக்கிறது என்று நான் சொன்னேன். இருந்தது. அதில் சந்தேகமே இல்லை. 'பத்திரம்' என்று பெயரிட்டு ஒவ்வொரு மாதமும் தவறாமல் எடுத்து வைத்திருந்தேன். அதே கம்ப்யூட்டருக்குள். வீட்டுக்கு மறுசாவி செய்து, அதை அந்த வீட்டு மேஜை மேலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தவன் மாதிரி. இதை நான் ஒளிக்கவில்லை. உண்மையை எழுதும்போது முதலில் தன்னைப் பற்றியே எழுத வேண்டும் என்பது நிருபர்களுக்குப் பழக்கம்.

ஓட்டெடுப்பு. நீக்க வேண்டும் என்று மூன்று, வேண்டாம் என்று என்னையும் சேர்த்து மூன்று. சரிசமம் என்றால் தலைவரின் ஓட்டு. அப்படி ஒரு நிலை வந்தால் இருப்பதை இருக்கிறபடி விடுவதுதான் மரபு என்று நான் எழுந்து சொன்னேன். லைல் எழுந்து கம்ப்யூட்டர் பக்கம் வந்தார். "ஒன்பது வருஷமா தலைவரா இருக்கேன் கிளைவ், ஒண்ணும் பண்ணாம இருந்தேன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு, ஆடு பிடிக்கிற கையால் அமுக்கினார். ஆகவே ஆசிரியரே, 'ஒருமித்த முடிவு' என்பது முதல் பிழை.

பிறகு இரண்டு மணி நேரம் நாங்கள் ஏழு பேரும் அதைச் சுற்றி நின்றோம், மாடு கன்று போடுவதைப் பார்ப்பதுபோல. அறுபத்துமூன்று சதவீதத்தில் இருபத்தாறு நிமிடம் நின்றது. மிக் பக்கவாட்டில் தட்டிக் கொடுத்தான். யாரும் போகவில்லை, சாண்ட்விச் இருந்தது. முடிந்ததும் திரை பளிச்சென்று வந்து, வணக்கம் சொல்லி, நீங்கள் எந்த நாடு என்று கேட்டது. "அறுபது வருஷமா இங்கதான்யா கெடக்கேன், இப்ப வந்து கேக்குது பாரு" என்றான் மிக். மறுபடி அணைத்துப் போட்டுப் பார்த்தோம். பத்தொன்பது வினாடி. கைதட்டல். அது இவ்வளவு வேகமாக விழித்துக்கொண்டதற்குக் காரணம், அதற்கு நினைத்துப்பார்க்க ஒன்றுமே இல்லை என்பதுதான். அதை நான் கண்டுபிடிக்க இன்னும் நான்கு நிமிடம் ஆனது. அறையில் யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வெர்னா மட்டும் என்னிடம் வந்து, "'பத்திரம்' எங்க கிளைவ்?" என்று கேட்டார். நான் காலித் திரையைக் காட்டினேன். அவர் திரும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவினார். எல்லாக் கோப்பைகளையும், இரண்டு தடவை.

இதற்குப் பரிகாரமாக ஆகஸ்ட் 16, சனிக்கிழமை, விசேஷக் கூட்டம். லைல் ஒரு யோசனையோடு வந்திருந்தார். எழுத்தில் போனால் என்ன, ஞாபகம் இருக்கிறதே. ஒரு தாளைச் சுற்றுக்கு விடுவோம், அவரவர் எத்தனை வருடம் உழைத்தோம் என்று எழுதுவோம், கமிட்டி ஏற்றுக்கொண்டால் அதுவே பதிவு. சரி, தாள் கிளம்பியது. கவனியுங்கள், ஒரே தாள். லைல் 26 என்று எழுதினார். இவர் டப்போவிலிருந்து இந்த ஊருக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. வந்த அன்று படம் எடுத்துச் செய்தி போட்டவனே நான்தான். லைலின் 26-ஐப் பார்த்து மிக் 27 என்று எழுதினான். இதில் அவன் தொலைதூரக் கல்கூர்லி சுரங்கத்தில் இருந்த ஆறு வருடமும் அடக்கம். அடுத்தவர் 28. அடுத்தவர் 28 எழுதி, யோசித்து, அரையைச் சேர்த்தார். இப்படியே ஏறி ஏறி அடுப்புப் பக்கம் போய்ச் சேரும்போது 33. இந்த முப்பத்துமூன்று ஆண்டுக்காரருக்கு வயது நாற்பத்தாறு. அப்படியானால் பதின்மூன்று வயதில் கமிட்டிக்கு வந்தாரா என்று கேட்டேன். "ஆர்வம் சீக்கிரமே வந்துருச்சு போல, விடுங்களேன்" என்றார் லைல். என் முறை வந்தபோது நான் எதுவும் எழுதவில்லை. காலியாக விட்டேன். பதினொன்று என்று எழுதினால் மற்றவர்களைக் குத்திக்காட்டுவதுபோல் இருக்கும், வேறு எதையும் எழுத என் கை வராது. தாளை வெர்னாவிடம் யாரும் கொடுக்கவில்லை. அவரே வந்து எடுத்து, அடியில் 25 என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்.

லைல் அந்தத் தாளைத் தூரத்தில் பிடித்து வாசித்தார். வெர்னாவின் எண்ணுக்கு மட்டும் ஆதாரம் தேவைப்படும் என்றார். மற்றதெல்லாமும் ஞாபகம்தானே, ஆதாரம் எங்கே என்று நான் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை, நாற்பத்தைந்து வருடம் மனிதர்களின் பேச்சைக் குறிப்பெடுத்தவன் என்ற முறையில், சொல் மாறாமல் தருகிறேன்.

"எங்களோடது கமிட்டி ஞாபகம், கிளைவ். அவங்களோடது தனி ஞாபகம்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை ஆசிரியரே. அது சரியென்றே எல்லாருக்கும் பட்டது. அப்புறம், மற்ற நால்வரும் ஒதுங்கிக்கொள்ள, மீதி இருக்கிற அந்த ஒரு வரிக்கு லைல் பெயரா மிக் பெயரா என்று பேச்சு ஆரம்பித்தது. ஒருத்தனுக்கு வருஷம் ஒண்ணு கூட, ஒருத்தருக்குப் பதவி கூட. அப்போது வெர்னா சமையலறையிலிருந்து நாலு நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வந்தார். நீல அட்டை, ரப்பர் பேண்டு, ஓரமெல்லாம் வெண்ணெய்க் கறை. சாண்ட்விச் நோட்டு. எத்தனை பேருக்கு ரொட்டி வெட்ட வேண்டும் என்று தெரிய வேண்டுமில்லையா? ஒவ்வொரு கூட்டத்துக்கும் தேதி, வந்தவர் யார், வராதவர் யார், ஏன் வரவில்லை, யார் எதைச் சாப்பிட மாட்டார். இருபத்தைந்து வருடம், இருநூற்று எழுபத்தொரு கூட்டம். யாரும் கேட்காமலே அவர் வாசிக்க ஆரம்பித்தார், வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில். "லைல் வந்தார், முட்டை வேண்டாம். மிக் வரல, ரோமம் வெட்டுறாங்களாம். லைல் வரல. மிக் வரல, ஃபுட்பால் இறுதி ஆட்டம். லைல் பாதில வந்தார், நாலு ஸ்கோன். மிக் வரல, காரணம் சொல்லல." அரை மணி நேரம். மிக் தன் தொப்பிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். கடைசியில் கூட்டியும் சொன்னார்: லைல் நூற்றுப் பதினெட்டு, மிக் எழுபத்துநாலு. வெர்னா இருநூற்று எழுபத்தொன்று.

"இது போதுமா?" என்று கேட்டார்.

போதாது என்று லைல் சொல்லவில்லை. அவர் அனுபவசாலி. இந்த நோட்டு கூட்டக் குறிப்பாகுமா, சமையல் குறிப்பாகுமா என்பது ஆழமான கேள்வி, அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கிறேன் என்றார். வெர்னா நோட்டுகளுக்கு ரப்பர் பேண்டு போட்டார். அடுப்பை அணைத்தார். உள்ளே வெந்துகொண்டிருந்த ஸ்கோன்களை அப்படியே வெளியே எடுத்து, பாதி வெந்ததும் வேகாததுமாக, லைலின் நாய்க்குப் போட்டுவிட்டு, சமையலறைச் சாவியை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 23, அதாவது நேற்று முன்தினம், அந்த ஆழமான கேள்விக்கான கூட்டம். சாண்ட்விச் கிடையாது, தேநீர் கிடையாது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. வந்தது நான் ஒருத்தன். இரண்டரை வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். லைலின் நாய் வந்தது, சமையலறைக் கதவை முகர்ந்து பார்த்தது, அதுவும் போய்விட்டது. இருபத்தைந்து வருடமாக இந்தச் சங்கத்தைக் கூட்டி வைத்தது எது என்பதற்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும் சொல்லுங்கள். கண்காட்சிக்கு ஆறு வாரம்கூட இல்லை. அறுநூறு ஸ்கோன் யார் சுடுவார்கள் என்று இன்றைக்குக் காலையில் மிக் என்னைக் கேட்கிறான், அவனுக்கு அதுதான் கவலை. அந்த அம்மாவுக்கு இவர்கள் கொடுக்க வேண்டியது ஒரு வரி. அரை அங்குல உயரத்தில் ஒரு வரி. அதைக்கூட இவர்கள் தங்களுக்குள் பங்கு போடப் பார்க்கிறார்கள், கேட்டால் கம்ப்யூட்டர் அழித்துவிட்டதாம்.

ஆகவே திருத்தம் வெளியிடுங்கள். முடிவு ஒருமித்ததல்ல. வெற்றிகரமானதல்ல. எல்லாப் பதிவும் அழிந்தது. அழியாமல் இருப்பது வெர்னா வென்கேயின் நாலு நோட்டு. பலகையின் கடைசி வரி அவருக்கே உரியது. இதைச் சொல்வதால் எனக்கு இந்த ஊரில் என்ன நேர்ந்தாலும் சரி. என் பெயரைத் தடித்த எழுத்திலேயே போடுங்கள்.

தங்கள் இதழ் நாளுக்கு நாள் தடிமனாகட்டும், அச்சுப்பிழைகள் மெலியட்டும். தங்கள் கணவருக்கும், அலுவலக வாசலில் படுத்திருக்கும் பூனை இன்னும் இருந்தால் அதற்கும் என் விசாரிப்புகள்.

என்றும் உண்மையுள்ள,
கிளைவ் ட்ரெதோவன்
கௌரவச் செயலாளர்

பின்குறிப்பு, வியாழக்கிழமை, ஆகஸ்ட் 28: மேலே உள்ள கடிதத்தைத் தபாலில் போடத் தாமதமாகிவிட்டது, வெளியிட வேண்டாம். நேற்று மதியம் பப்பின் பின்னறையில் கமிட்டி கூடியது. பொரித்த இறைச்சி, அதாவது ஷ்னிட்சல், இருந்ததால் ஏழு பேரும் வந்தோம். நான் உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதை லைல் எப்படியோ கேள்விப்பட்டிருந்தார். லைலுக்கும் மிக்குக்கும் நடுவே ஊர் பிளவுபடக் கூடாது என்பதால், அந்தத் தாளில் நான் காலியாக விட்டிருந்த இடத்தில் 34 என்று எழுதி, கடைசி வரியை எனக்கே கொடுப்பதென்று முடிவாகியிருக்கிறது. முப்பத்துநான்கு வருடம் நான் கண்காட்சியைப் பற்றிச் செய்தி எழுதினேனே, அதுவும் உழைப்புத்தானே என்கிறார் லைல். யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெயர் எழுதுபவர் இன்று காலையே வந்துவிட்டார். தங்கம் காய்ந்துவிட்டது. உங்கள் ஏழாம் பக்கச் செய்தியில் பிழை எதுவும் இல்லை. நேற்றைய முடிவு ஒருமித்ததே.

ஒரே ஒரு சிறு சங்கடம். இந்த வருடக் கண்காட்சிக்கு வந்த ஜாம், ஊறுகாய் விண்ணப்பங்கள் நாற்பதுக்கு நேற்றுக் காலை படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அடுக்கின் அடியில் வெர்னாவுடையது ஒன்று இருந்திருக்கிறது. பிரிவு 412, கையெழுத்தில் எழுதிய ஊர் வரலாறு. நாலு நோட்டு. செயலாளர் கையெழுத்திட்டுவிட்டால் எந்த நுழைவையும் மறுக்க முடியாது. அந்த விதியை எழுதியவனும் நான்தான். மக்கள் புரட்டிப் பார்க்க வசதியாகக் கண்காட்சியின் இரண்டு நாளும் மேஜை மேல் திறந்து வைக்க வேண்டும். மேஜை, பலகைக்கு நேர் கீழே வருகிறது. நடுவர் ஆல்பரியிலிருந்து வருகிறார், இங்கே யாரையும் தெரியாதவர். தயவுசெய்து உங்கள் புகைப்படக்காரரை அந்த இரண்டு நாளும் காளைகள் பக்கமே நிற்கச் சொல்லுங்கள்.